வேதாளம் நிறுத்திய இடம்

எங்கள் அப்பாயிக்கு எழுத்து தெரியாது. வேதாளக் கதை மட்டும் பத்துப் பன்னிரண்டு தெரியும். புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். ராத்திரிச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் திண்ணையில் கூடுவோம். கதை முற்றி, வேதாளம் விக்கிரமாதித்தனைக் கேள்வி கேட்கிற இடம் வந்ததும் அப்பாயி கதையை அப்படியே நிறுத்திவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறக்கும். "ராசா சொன்னது கெடக்கட்டும். நீ என்னடா சொல்ற?" பாக்கு வெட்டி, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி முடிக்கிற வரைக்கும் திண்ணை எங்களுடையது.

பிறகு நான் முப்பத்திரண்டு வருடம் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்தேன். பிள்ளைகளை வாய் திறந்து கருத்துச் சொல்ல வைக்க எத்தனையோ பயிற்சி வகுப்புகளுக்குப் போய்வந்திருக்கிறேன். வகுப்பறையில் எனக்குக் கைகொடுத்தது அந்தப் பாக்கு வெட்டுகிற நேரம்தான்.

இந்தக் கதைகள் நெடுந்தூரம் நடந்து நம் திண்ணைக்கு வந்தவை. 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்து அரசி சூரியமதிக்காகச் சோமதேவர் வடமொழியில் இயற்றிய கதாசரித்சாகரத்தில் இந்த 25 கதைகளும் உண்டு. அதில் அரசன் பெயர் திரிவிக்கிரமசேனன். வேதாளம் குடியிருக்கும் பிணம் தொங்குவது சிம்சபா மரத்தில். தமிழில் அவன் விக்கிரமாதித்தன் ஆனான். மரமும் நம் கொல்லைப்புறத்து முருங்கை ஆகிவிட்டது. தமிழ் வேதாளக் கதையைப் பாபிங்டன் என்ற வெள்ளைக்காரர் ஆங்கிலத்தில் பெயர்க்க, அது 1831இல் லண்டனில் வெளிவந்தது. 1947 ஜூலையில் அம்புலிமாமா என்ற சிறுவர் இதழ் பிறந்தது. பழைய 25 கதைகள் போதாமல், புதிதாக எழுதிய கதைகளையும் வேதாளத்தின் வாயிலேயே சொல்ல வைத்தார்கள். தோளில் பிணமும் கையில் வாளுமாக நடக்கும் அந்த ராஜாவை ஓவியர் சங்கர் வரைந்த விதம் என் வயதுக்காரர்கள் யாருக்கும் மறக்காது. ஆனால் அச்சில் கேள்வி முடிந்த அடுத்த பத்தியிலேயே பதில் வந்துவிடும். பாக்கு வெட்டுகிற நேரம் புத்தகத்தில் இல்லை.

வேதாளம் வைக்கும் நிபந்தனையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். வாய் திறந்தாலோ மௌனம் கலைந்தது என்று பிணத்தோடு மரமேறிவிடும். நியாயம் சொன்னால் நஷ்டம் என்று ராஜாவுக்குத் தெரியும். தெரிந்தேதான் ஒவ்வொரு தடவையும் சொல்கிறான். சும்மா பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்வதும் இல்லை; ஏன் என்பதையும் சொல்கிறான். இறந்துபோன பெண்ணுக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடும் கதையில், உயிர் கொடுத்தவன் தகப்பன் முறை, எலும்பைக் கங்கைக்குக் கொண்டுபோனவன் பிள்ளை முறை, அவள் சாம்பலிலேயே படுத்துக் கிடந்தவன்தான் கணவன் என்பது அவன் தீர்ப்பு.

கடைசிக் கதையில் மட்டும் பேசாமல் நடக்கிறான். ஓர் அப்பனும் மகனும் வேறொரு குடும்பத்துத் தாயையும் மகளையும் சந்திக்கிறார்கள்; அப்பன் அந்த மகளையும், மகன் அந்தத் தாயையும் மணந்துகொள்கிறார்கள். அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை? ராஜாவுக்கு விடை தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாத அவன் மேல் வேதாளம் மனம் மகிழ்ந்து, பிணத்தைக் கொண்டுவரச் சொன்ன சாமியார் செய்திருக்கும் சதியைச் சொல்லி அவன் உயிரைக் காப்பாற்றுகிறது. "தெரியலை சார்" என்று ஒரு பிள்ளை எழுந்து சொல்லும்போது என்னால் கோபப்பட முடியாமல் போனதற்கு இந்தக் கதைதான் காரணம்.

நாலாம் வகுப்பில் நான் அதிகம் சொன்னது நுட்பக்காரச் சகோதரர்கள் கதை. மூலத்தில் மூன்று பேர். ஒருவன் கதை பெரியவர்களுக்கானது என்பதால் விட்டுவிடுவேன். மூத்தவன் சாப்பாட்டில் நுட்பம். அரண்மனைச் சோற்றில் பிணப்புகை நாறுகிறது என்று எழுந்துவிடுகிறான். விசாரித்தால், அந்த நெல் சுடுகாட்டை ஒட்டிய வயலில் விளைந்தது. இளையவன் படுக்கையில் நுட்பம். ஏழு மெத்தை போட்டுப் படுத்தும் வலி தாங்காமல் அலறுகிறான். அடி மெத்தைக்குக் கீழே ஒரே ஒரு முடி. அதன் தடம் அவன் உடம்பில் சிவந்திருக்கிறது. யார் பெரிய நுட்பக்காரன்?

கேட்டுவிட்டு நான் பலகையைத் துடைக்கப் போய்விடுவேன். ஒரு வருடம் கடைசி வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். அதுவரை வகுப்பில் வாயே திறக்காதவள். "சோத்துக்காரனுக்கு யாராச்சும் முன்னாடியே சொல்லியிருக்கலாம் சார். உடம்புல தடம் வர்றத யாரு சொல்லிக்குடுக்க முடியும்?" சோமதேவரின் ராஜா சொல்லும் காரணமும் இதேதான். அவள் அந்தப் பதிலைக் கேட்டதும் இல்லை, படித்ததும் இல்லை.

உடனே ஒரு பையன் மறித்தான். "தடம் தானா வந்துச்சு. அவன் தூங்கிக்கிட்டுதான இருந்தான்? மோந்து கண்டுபிடிச்சவன்தான் சார் கெட்டிக்காரன்."

அன்று ராஜாவின் பதிலை நான் சொல்லவே இல்லை. மணி அடித்த பிறகும் வேப்பமரத்தடியில் அவர்கள் இரண்டு கட்சியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் அந்தப் பெண் இரண்டாம் வரிசைக்கு வந்து உட்கார்ந்தாள்.

வீட்டில் பிள்ளை இருந்தால் இன்றைக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். கேள்வியோடு நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் வேறு வேலை பாருங்கள்.