அலெப்போ வயலின் பொன்னிற வம்சம்

சிரியா தேசத்தின் வடபாகத்தில், நெடுங்காலமாக வணிகக் கூட்டங்கள் வந்து தங்கிச் சென்ற அலெப்போ மாநகரத்தைச் சுற்றி, கோதுமையும் பார்லியும் கொண்டைக்கடலையும் மசூர்ப் பருப்பும் விளைகின்ற ஒரு மேட்டுநிலம் பரந்து கிடக்கிறது. இன்று உலகத்தின் பல நாடுகளிலும் இல்லங்களில் கூண்டுக்குள் வளர்க்கப்படும் பொன்னிற ஹாம்ஸ்டர் என்னும் சிறு பிராணி, இயற்கையில் அந்த மேட்டுநிலத்திலும் அதை ஒட்டித் துருக்கியின் தென்கோடியில் உள்ள வயல்களிலும் அன்றி வேறெங்கும் வாழ்வதில்லை. அதைக் காட்டிலும் ஆச்சரியம் தருவது, எண்ணற்ற வீடுகளில் வளரும் இந்தப் பிராணிகள் ஏறக்குறைய அனைத்துமே 1930-ஆம் ஆண்டில் ஒரே வளையிலிருந்து தோண்டி எடுக்கப்பட்ட, ஒரே தாய் ஈன்ற குட்டிகளின் சந்ததி என்பதாகும். கூண்டைக் கடித்துக்கொண்டு ஓடிவிடுகிறது என்பதே இதை வளர்ப்போர் முதலில் சொல்லும் குறை. அந்தக் குறை இந்தப் பிராணி மனிதனிடம் வந்து சேர்ந்த முதல் நாட்களிலேயே எழுந்தது என்பதையும், அதற்கு உரிய பரிகாரமும் அப்போதே கண்டுபிடிக்கப்பட்டது என்பதையும் இதன் சரித்திரத்தைப் படிப்பவர்கள் அறிந்துகொள்ளலாம்.

இந்தச் சரித்திரத்தின் முதல் ஏட்டிலேயே நமது நாட்டோடு தொடர்புடைய ஒருவரைச் சந்திக்கிறோம். பதினெட்டாம் நூற்றாண்டில் அலெப்போவில் இருந்த ஆங்கில வணிகக் குழுவினருக்கு வைத்தியராகப் பணியாற்றிய அலெக்சாண்டர் ரஸ்ஸல் என்பவர், அந்த நகரத்தின் இயற்கை வரலாற்றை 1756-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அவருக்குப் பின் அதே பதவியை வகித்த அவருடைய சகோதரர் பாட்ரிக் ரஸ்ஸல், அந்நூலைத் திருத்தி விரித்து 1794-இல் இரண்டாம் பதிப்பாகக் கொண்டுவந்தார். இந்த பாட்ரிக் ரஸ்ஸலே, அலெப்போவை விட்ட பின், அப்பதிப்பு வெளிவருவதற்கு முன்பே இந்தியாவுக்கு வந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆராய்ச்சியாளராக அமர்ந்து, சோழமண்டலக் கரையின் பாம்புகளை ஆராய்ந்து 1796-இல் நூல் எழுதியவர். நம் கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. அலெப்போ நூலின் இரண்டாம் பதிப்பில் ஹாம்ஸ்டரைப் பற்றிய ஒரு குறிப்பு உண்டு. அறுத்துப் பார்த்த ஒரு ஹாம்ஸ்டரின் இரு கன்னப் பைகளிலும் பிஞ்சு அவரைகள் நீளவாக்கில் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன என்றும், அவற்றை வெளியே எடுத்து மேசைமேல் பரப்பியபோது அந்தக் குவியல் பிராணியின் உடலைப்போல் மூன்று மடங்கு இருந்தது என்றும் அங்கே கூறப்பட்டிருக்கிறது. கிடைத்ததை வாயிலடக்கிக்கொண்டு தன் வளைக்கு ஓடுவதே இதன் ஜீவனம் என்பது அந்த ஒரு குறிப்பிலேயே விளங்கிவிடுகிறது.

ரஸ்ஸல் இதை ஐரோப்பாவில் காணப்படும் சாதாரண ஹாம்ஸ்டராகவே கருதினார். இது தனியான ஓர் இனம் என்று நிறுவியவர் லண்டன் விலங்கியல் சங்கத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ராபர்ட் வாட்டர்ஹவுஸ். 1839-ஆம் ஆண்டில், அலெப்போவிலிருந்து கிடைத்த ஒரே ஒரு பெண் ஹாம்ஸ்டரின் உடலைக்கொண்டு அவர் அதை வருணித்து, பொன்னிறத்தைக் குறிக்கும் லத்தீன் பெயரையும் சூட்டினார். பின்னர் அலெப்போவில் பிரிட்டிஷ் கான்சலாக இருந்த ஜேம்ஸ் ஹென்றி ஸ்கீன் 1880-இல் சில உயிருள்ள ஹாம்ஸ்டர்களை எடின்பரோவுக்குக் கொண்டு சென்றார். அவற்றின் சந்ததி முப்பது ஆண்டுகள்போல் அங்கே தழைத்திருந்து, 1910-ஐ ஒட்டி முற்றிலும் அற்றுப்போயிற்று.

மறுபடியும் ஒருவர் அலெப்போவுக்குச் சென்று இந்தப் பிராணியைத் தேடும்படி செய்தது ஒரு கொடிய நோய். காலா அசார் என்னும் அந்த நோய், மண்ணீரலை வீங்கச் செய்து உடலை உருக்கி, எண்ணற்ற ஏழை ஜனங்களைக் கொன்றுவந்தது. அதற்குக் காரணமான நுண்கிருமியை 1903-ஆம் ஆண்டில் கண்டறிந்தவர்கள் இருவர். ஒருவர் ராணுவ வைத்தியர் லீஷ்மன், மற்றவர் நமது சென்னை வைத்தியக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த சார்லஸ் டொனோவன். இருவருடைய பெயர்களையும் சேர்த்தே அந்தக் கிருமிக்கு லீஷ்மேனியா டொனோவானி என்று பெயரிட்டனர். ஜெருசலேம் நகரில் 1925-இல் தொடங்கப்பட்ட எபிரேய சர்வகலாசாலையில் இந்த நோயை ஆராய்ந்துவந்த சால் ஆட்லர், தம்முடைய பரிசோதனைகளுக்குச் சீன ஹாம்ஸ்டர்களை வரவழைத்துப் பார்த்தார்; அவை கூண்டில் இனம் பெருக்க மறுத்தன; ஒவ்வொரு முறையும் சீனத்திலிருந்து தருவிப்பதோ சாத்தியமாக இல்லை. சமீபத்தில் உள்ள சிரியாவிலேயே ஒரு ஹாம்ஸ்டர் இனம் இருக்கும்போது அதைக்கொண்டே காரியத்தை நடத்தலாமே என்று அவர் கருதி, அதே சர்வகலாசாலையின் விலங்கியல் அறிஞரான இஸ்ரவேல் அஹரோனியிடம் தம் தேவையைத் தெரிவித்தார்.

அஹரோனி 1930-ஆம் ஆண்டின் வசந்தத்தில் அலெப்போவுக்குப் பிரயாணமானார். ஜார்ஜியஸ் கலீல் தஹான் என்னும் சிரிய வழிகாட்டி அவ்வூர் ஷேக்கைக் கண்டு பேசினார்; ஷேக் ஆட்களைக் கூட்டி, ஹாம்ஸ்டர்கள் மிகுந்திருந்த ஒரு வயலைத் தோண்டும்படி செய்தார். கோதுமைப் பயிரில் பெரும்பகுதி பாழாகும் அளவுக்குத் தோண்டிய பின், ஏப்ரல் 12-ஆம் தேதி, எட்டடி ஆழத்தில் ஒரு தாயும் பதினொரு குட்டிகளும் இருந்த கூடு அகப்பட்டதாக அஹரோனியின் வரலாறு சொல்கிறது. தாயையும் குட்டிகளையும் ஒரு பெட்டியில் சேர்த்து வைத்தார்கள். வளை இடிந்து வெளிச்சத்தில் இழுத்துவிடப்பட்ட அந்தத் தாய், தன்னிடம் வந்த முதல் குட்டியையே கடித்துக் கொன்றது. எஞ்சிய பத்தையும் காப்பாற்றும்பொருட்டுத் தாயைக் கொன்றுவிட நேர்ந்தது. கண்திறவாத குட்டிகளை அஹரோனி கையாலேயே ஊட்டி வளர்த்தார். தாயின் செயலைக் கொடூரம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் தன் வளையை இழந்து பீதியுற்ற எந்தப் பெண் ஹாம்ஸ்டரும் இன்றும் அப்படியே செய்யக்கூடும் என்பதனால், குட்டி ஈன்ற ஹாம்ஸ்டரின் கூட்டைக் கலைக்கலாகாது என்று வளர்ப்போர் விதித்துக்கொண்டிருக்கும் நியமத்திற்கு அந்த ஏப்ரல் மாத நிகழ்ச்சியே முதற்சான்றாக நிற்கிறது.

கண்திறந்து வளர்ந்த குட்டிகள் பத்தும் ஒருநாள் கூண்டிலிருந்து தப்பின. தேடிப் பிடித்ததில் ஒன்பது மீண்டும் கைக்கு வந்தன. அந்த ஒன்பதையும் அஹரோனி, ஸ்கோபஸ் குன்றின்மேல் இருந்த சர்வகலாசாலையின் பிராணிச்சாலைக்குத் தலைவரான பென்-மெனாஹெம் என்பவரிடம் ஒப்படைத்தார். அவர் அவற்றை மரத்தளமிட்ட ஒரு கூண்டில் விட்டார். மறுநாள் காலையில் பார்த்தபோது, ஐந்து ஹாம்ஸ்டர்கள் இரவோடிரவாக மரத்தளத்தைக் கொறித்துத் துளையிட்டுக்கொண்டு போய்விட்டிருந்தன. அவற்றில் ஒன்றுகூடத் திரும்பக் கிடைக்கவில்லை. ஒரு வயலையே அழித்து, ஒரு தாயைப் பலியிட்டுக் கொண்டுவந்த செல்வத்தில் பாதிக்குமேல் ஒரே இரவில் மறைந்துபோனது கண்டு அவர் உள்ளம் எவ்வளவு கலங்கியிருக்கும் என்பதை நாம் எளிதில் உணரலாம்.

எஞ்சிய நான்கைக்கொண்டு அவர் மேற்கொண்ட பிரயத்தனமே இந்த வரலாற்றின் உயிர்நிலை. கொறித்துத் துளைக்க முடியாத கம்பிவலைக் கூண்டு ஒன்றை அவர் அமைத்தார். அதோடு நின்றிருந்தால் நான்கு சிறைக்கைதிகளே அவருக்கு மிஞ்சியிருக்கும். கூண்டு முழுவதும் வைக்கோலைக் கெட்டியாகத் திணித்து, கீழ்ப்புறத்தில் மாத்திரம் சிறிது வெளிச்சம் புகும்படி இடைவெளி விட்டு, அதனுள் முதலில் பெண் ஹாம்ஸ்டரை விட்டார். அது வைக்கோலைக் குடைந்து வழி செய்துகொண்டு அந்த இருட்டைத் தன்னுடையதாக ஆக்கிக்கொள்ளச் சில நாள் அவகாசம் தந்த பிறகே ஆணையும் விட்டார். அலெப்போ மண்ணின் கீழே எப்படியோ அப்படியே அவை ஒன்றையொன்று துரத்திக் கூடின. ஓராண்டுக்குள் அந்தச் சகோதர சகோதரிகளின் சந்ததி 150 வரை பெருகியது. தாம் வளர்க்கும் ஜீவன் எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தின் சாயலைக் கூண்டுக்குள் அமைத்துக் கொடுத்ததுதான் அவர் செய்த காரியம். ஓட்டத்தைத் தடுக்க அவர் கம்பியை நாடினார். ஓடவேண்டும் என்ற தாபத்தைத் தணிக்க வைக்கோலை நாடினார். இரண்டும் சேர்ந்தே பயன் தந்தன.

1931-இல் ஆட்லர் சில ஹாம்ஸ்டர்களைத் தம் மேற்சட்டைப் பைகளிலேயே வைத்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். மறு ஆண்டில் லண்டன் விலங்கியல் சங்கத்தை எட்டிய அவ்வினம், 1937 அளவில் அங்கிருந்து தனிப்பட்டவர்களின் வீடுகளுக்குப் பரவியது. 1938-இல் அமெரிக்காவையும் அடைந்தது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பின், அமெரிக்காவின் அலபாமா மாகாணத்தில் மொபைல் நகரத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் மார்ஷ் என்பவர் இதைப் பெரிய அளவில் வளர்த்து விற்று, வளர்ப்பு முறையைப் பற்றிக் கைந்நூலும் வெளியிட்டார். ஆராய்ச்சிக்கூடத்துப் பிராணி இவ்வாறு வீட்டுச் செல்லமாயிற்று. ஆனால் விற்பனைக்கு வந்த கூண்டுகள் சிறுத்துக்கொண்டே போயின. அடியில் ஒரு பிடி மரத்தூள், ஒரு சக்கரம், ஒரு தண்ணீர்க் குப்பி என்பதே வழக்கமாகி, பென்-மெனாஹெமின் வைக்கோல் மறக்கப்பட்டது.

அது மறக்கப்பட்டது பிழை என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகள் ஐயமற நிரூபித்தன. 1971-இல் மைக்கேல் மர்ஃபி என்னும் அமெரிக்கர் அலெப்போவிலிருந்து புதிதாகச் சில ஹாம்ஸ்டர்களைக் கொண்டுபோனார். நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் ஹாலே சர்வகலாசாலையைச் சேர்ந்த காட்டர்மன் குழுவினர் அங்கே வயல் வயலாகச் சென்று வளைகளை அளந்தனர். வளைகள் 36 முதல் 106 சென்டிமீட்டர் வரை ஆழமுள்ளவை என்றும், ஒரு வளையில் வளர்ந்த ஹாம்ஸ்டர் ஒன்றே வசிக்கும் என்றும் அவர்கள் கண்டனர். கூண்டில் இரவில் உலாவும் இப்பிராணி வயலில் பகலிலேயே வெளிவருகிறது என்பதும், பெண் ஹாம்ஸ்டர் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமே மண்ணுக்கு மேலே நடமாடுகிறது என்பதும் 2008-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியின் முடிவு. அப்படியானால் இதன் ஆயுளில் மிகப்பெரும் பகுதி மண்ணுக்குள்ளேயே கழிகிறது. 2006-இல் சுவிட்சர்லாந்தில் நடத்தப்பட்ட ஒரு பரிசோதனையில், சில ஹாம்ஸ்டர்களுக்கு 10 சென்டிமீட்டர் ஆழமும், சிலவற்றுக்கு 40-ம், சிலவற்றுக்கு 80-மாகப் படுக்கைத் தூள் நிரப்பிக் கொடுத்தார்கள். பத்து சென்டிமீட்டரில் இருந்தவை மற்றவற்றைக் காட்டிலும் மிகுதியாகக் கம்பியைக் கடித்தன, சக்கரத்திலும் அதிகமாக ஓடின. எண்பது சென்டிமீட்டர் பெற்றவை கம்பியைக் கடித்ததை ஆராய்ச்சியாளர்கள் ஒருபோதும் காணவில்லை. கம்பியைக் கடிப்பதை விளையாட்டென்றும் குறும்பென்றும் எண்ணியிருந்தவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

ஆகவே, நம் நகரங்களிலும் இப்போது கடைகளில் கிடைக்கும் இந்தப் பிராணியை வாங்கி வளர்க்க விரும்புவோர், கதவின் தாழைக் கவனிப்பதற்கு முன்னால் தரையின் ஆழத்தைக் கவனிக்கவேண்டும். காகிதத் தூளோ, வாசனையற்ற மரச்சீவலோ, குறைந்தது ஒரு சாண் உயரத்துக்கு, இயன்றால் அதைக் காட்டிலும் மிகுதியாகவே, நடுநடுவே வைக்கோல் கலந்து இறுக்கி நிரப்பினால், அதற்குள் அது சுரங்கம் அமைத்து, தானியத்தை ஓர் அறையிலும் படுக்கையை மற்றோர் அறையிலுமாக வகுத்துக்கொள்ளும். பெட்டி அகன்றதாகவும், கம்பிகளின் இடைவெளி ஒரு சென்டிமீட்டருக்கு மேற்படாததாகவும், மூடி இறுகப் பொருந்தியதாகவும் இருத்தல் அவசியம். மரமும் மெல்லிய பிளாஸ்டிக்கும் அதன் பற்களுக்கு ஒரு தடையாகா, ஏனெனில் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. கால் சிக்கும் கம்பிச் சக்கரம் கூடாது. முதுகு வளையாமல் ஓடத்தக்க பெரிய, இடைவெளியற்ற தளமுள்ள சக்கரமே வேண்டும். ஒரு பெட்டியில் ஒன்றுக்குமேல் வைத்தல் ஆகாது. சித்திரை வைகாசி வெயிலில், ஆழமான மண்ணின் குளிர்ச்சி இல்லாத இந்தப் பிராணி எளிதில் சோர்ந்து மடியும் என்பதனால், வீட்டின் குளிர்ந்த மூலையே அதற்கு உரிய இடம்.

இத்தனைக்குப் பிறகும் ஒருநாள் அது தப்பினால், அஹரோனி பத்தில் ஒன்பதை மீட்டார் என்பதை நினைத்து நம்பிக்கை கொள்ளலாம். அறைக் கதவுகளை அடைத்து, கதவின் அடியிலுள்ள இடுக்குகளைத் துணியால் மூடி, பூனையும் நாயும் உள்ளே வராமல் காத்து, விளக்கை அணைத்துவிட்டு, ஒவ்வோர் அறையிலும் சுவரோரமாகச் சூரியகாந்தி விதைகளை எண்ணிச் சிறு குவியல்களாக வைத்துவிட்டால், எந்த அறையில் விதை குறைந்ததோ அந்த அறையில் அது இருக்கிறது என்று தெரியவரும். அதன் பழைய பெட்டியைத் திறந்து தரைமட்டத்தில் வைத்தால், தன் வாசனையுள்ள படுக்கையைத் தேடித் தானாகவே திரும்பி வருவதும் உண்டு. பிடிக்கும்போது துரத்தலாகாது, துரத்தப்பட்ட பிராணி பீரோவின் பின்னேயும் சுவர் இடுக்கிலும் புகுந்து அகப்பட்டுக்கொள்ளும்.

அலெப்போ வயல்களில் இதன் இனம் நாளுக்கு நாள் அருகிவருகிறது. பயிரைத் தின்னும் பகையென்று விவசாயிகள் விஷம் வைக்கிறார்கள், நிலமும் நகரமாக மாறிக்கொண்டிருக்கிறது. அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களின் சர்வதேசப் பட்டியலில் இதன் பெயரும் ஏறிவிட்டது. காடுமேட்டில் அருகிப்போகும் ஒரு ஜீவன் நம் வீட்டுக்குள் பல்கிப் பெருகியிருப்பது, அதனை வைத்துக்கொண்டவர்களுக்கு ஒரு கடமையை விதிக்கிறது. ஆராய்ச்சிக்கூடங்களில் மனித ஜாதியின் நோய்களைத் தீர்ப்பதற்குத் தன் உயிரைக் கொடுத்துவந்த இந்தச் சிறு பிராணிக்கு, இரண்டு மூன்று ஆண்டுகளே நீளும் அதன் ஆயுளில் தோண்டுவதற்குக் கொஞ்சம் ஆழமும் தனித்திருப்பதற்குக் கொஞ்சம் இருளும் தருவது பெரிய தர்மமன்று. மிகச் சாதாரணமான நியாயம். அந்த இடத்தை ஒதுக்கித்தர இயலாதவர்கள் அதை வாங்காமலிருப்பதே நல்லது; இயன்றவர்கள் முதலில் பெட்டியை அமைத்து நிரப்பி முடித்துவிட்டு, அதன் பின்னரே கடைக்குப் போகட்டும்.