பிடி மாறிய கத்தி

நேயர்களே, இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு சவரக்கத்தியின் பிடி. இலக்கிய நிகழ்ச்சியில் இது எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். மழித்தலைப் பற்றி வள்ளுவரே கூடாவொழுக்கத்தில் பேசியிருக்கிறார் என்பது எனக்குக் கொஞ்சம் துணிவு தருகிறது.

யட்டவத்தப் பகுதியில் எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் இருக்கிறார். தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்து மக்களுக்கு முடிவெட்டி முகம் மழித்து வாழ்ந்த குடும்பம். தம் பாட்டனாரின் அடைப்பத்தில் இருந்த மடக்குக் கத்தி ஒன்றை அண்மையில் எனக்குக் காட்டினார். அலகின் அடியில் எழுத்துகள் தேய்ந்து கிடந்தன. ‘ஷெபீல்ட்’ என்ற ஊர்ப் பெயரை மட்டும் வாசிக்க முடிந்தது. பிடி எருமைக் கொம்பு. பழம்பொருள் வாங்க வந்த ஒருவர் அலகைப் புகழ்ந்துவிட்டு, பிடி அசல் இல்லை, ஆகவே பாதி விலைதான் என்றாராம். பெரியவருக்கு அது மனத்தில் தைத்துவிட்டது.

“சேர், இந்தப் பிடி எங்க தாத்தா கையால செஞ்சது. அது எப்படி அசல் இல்லாமப் போகும்?” என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு விடை தேடப் புறப்பட்டால் ஷெபீல்ட் நகரம் வரை போகவேண்டியிருக்கிறது. அங்கே 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் மூசையில் உருக்கு வார்க்கும் முறையைக் கண்டார். அதன்பின் அந்நகரத்துச் சவரக்கத்தி உலகமெல்லாம் போயிற்று. ஆனால் அங்கும் ஒரு கத்தியை ஒருவரே செய்ததில்லை. கொல்லர் அலகை அடிப்பார். சாணைக்காரர் அதைக் குழிவாகத் தீட்டுவார். பிடி பொருத்துபவர் வேறொருவர். முத்திரையோ வியாபாரம் செய்யும் கம்பனியுடையது. பிடி செய்தவரின் பெயர் ஷெபீல்டிலும் எழுதப்படுவதில்லை.

இவ்விடத்தில் நம்மவர் சிலர் ஒரு பெருமை பேசுவர். அதில் பாதி உண்மை. 1790களில் இந்திய உருக்கு லண்டன் ரோயல் சொசைட்டிக்குப் போய் ஆராயப்பட்டது. ஐரோப்பியர் அதை ‘ஊட்ஸ்’ என்றனர். கன்னடத்து ‘உக்கு’ திரிந்து வந்த பெயர் என்பர். நம் ‘உருக்கு’க்கு உறவுச் சொல். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்தி வினைஞர் அந்த உருக்கில் சவரக்கத்தி செய்து, ஐரோப்பிய உருக்கைவிட இதுவே மேல் என்று விளம்பரமும் செய்தார். விஞ்ஞானி மைக்கல் பரடே அவரோடு சேர்ந்து 1820, 1822 ஆம் ஆண்டுகளில் உருக்குக் கலவைகள் பற்றி எழுதினார். அந்த உருக்கில் செய்த சவரக்கத்திகளை நண்பர்களுக்குப் பரிசாகவும் கொடுத்தார். இவ்வளவும் மெய். ஆயினும் ஷெபீல்டின் நல்ல உருக்குக்குப் பெரும்பாலும் சுவீடன் இரும்பே முதல். பெரியவரின் அலகு நம் நாட்டு உருக்கு என்று நான் உரிமை கொண்டாடப் போவதில்லை. அந்தப் பிடி போதும்.

முதலில் இருந்த பிடி செலுலொயிட். யானைத் தந்தத்துக்கும் ஆமையோட்டுக்கும் பதிலாக 1870 அளவில் அமெரிக்காவில் தோன்றிய பொருள் அது. பார்வைக்கு அழகு. ஆனால் முதுமையில் அது தானே சிதைந்து அமில ஆவியைக் கக்கும். உள்ளே மடங்கிக் கிடக்கும் அலகைத் துரு தின்னும். பாட்டனார் அந்தப் பிடியைக் கழற்றி எறிந்தது இதனால்தான். அலகின் வாலருகே இன்றும் ஒரு துருத் தழும்பு இருக்கிறது.

புதுப்பிடி செய்வது எளிதென்று நினைத்திருந்தேன். பெரியவர் ஒரு மணி நேரம் விளக்கினார். கொம்பை நீரில் கொதிக்கவைத்து இளக்கி, இரு பலகைகளுக்கிடையே கல்லேற்றித் தட்டையாக்கவேண்டும். நன்றாக உலரவிடாமல் அறுத்தால் பின்னர் முறுகும். பிடி முறுகினால் மடக்கும்போது கத்தியின் வாய் பக்கத்தில் உரசும்; உரசினால் வாய் போய்விடும். இரு இதழ்களுக்கும் நடுவே, வால் முனையில் சிறு ஆப்பு ஒன்று. ஷெபீல்டில் அதை ஈயத்திலும் செய்தார்கள். பிடிக்குக் கொஞ்சம் பின்பாரம் கிடைக்கும். அந்த ஆப்பின் பருமனும் சரிவும் தப்பினால் அலகு நடுவில் வந்து படியாது. பிறகு தறையாணி. பித்தளைக் கம்பியை வில்லையில் கோத்து மெல்லத் தட்டி மலரச் செய்வது. இறுக்கினால் கொம்பு வெடிக்கும். தளர்ந்தால் அலகு தானாக விழுந்து விரலைப் பதம் பார்க்கும்.

இந்தப் பிடியின் நடுவில் மெல்லிய ‘இடுப்பு’ ஒன்று இருந்தது. சவுக்காரம் படிந்த ஈரக்கை வழுக்காமலிருக்கப் பாட்டனார் தம் விரலுக்கு அளந்து தேய்த்தது. என் விரல் அதில் பொருந்தவில்லை.

கொம்பு வேலையை அவர் அயற்கிராமத்துச் சிங்களக் கொல்லர் ஒருவரிடம் கற்றார் என்பது குடும்பச் செய்தி. கண்டி நாட்டுக் கொல்லர்கள் கத்திப் பிடிக்குக் கொம்பும் தந்தமும் வைத்து, வெள்ளியும் பித்தளையும் பதித்தவர்கள். அரசருக்கு வேலை செய்த ‘பட்டல்ஹத்தர’ என்ற நான்கு பட்டறைகளில் வாளுக்கென்றே ஒன்று இருந்தது. கொழும்பில் 1877 இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி இந்தக் கலைஞரையெல்லாம் ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் ஆங்கில நூலில் பதிவு செய்தார். வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய கை அச்சு இயந்திரத்திலேயே அதை அச்சிட்டு 1908 இல் வெளியிட்டார். தோட்டத்து நாவிதர் செய்த பிடி அதில் இல்லை. இருக்க நியாயமுமில்லை, அவர் தேடியது வேறு.

கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியே மாத்தளைக்கு நடந்து வந்த கூட்டத்தோடு அடைப்பமும் வந்தது. நாவிதர் இல்லாமல் கல்யாணமும் இல்லை, கருமாதியும் இல்லை. ஆனாலும் பந்தியில் அவருக்குக் கடைசி இடம். அவருடைய கத்திக்குக் கழுத்தைக் கொடுத்து உட்கார்ந்தவர்கள் தங்கள் திண்ணையில் அவரை உட்காரவிடவில்லை. நம் தமிழ்ப் பரப்பில் ‘மருத்துவர்’, ‘பரியாரி’ என்ற பெயர்களும் அவருக்கு உண்டு என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

அமெரிக்காவில் கில்லெட் 1904 இல் உரிமம் பெற்ற மாற்று அலகு மெல்ல மெல்ல வீடுகளுக்குள் நுழைந்தது. இப்போது சலூன்களிலும் நோய்ப் பயத்தால் ஆளுக்கொரு புது அலகு. பழைய கத்திக்கு வேலையில்லை.

நான் விடைபெறும்போது பெரியவர் அலகில் தேங்காயெண்ணெய் தடவித் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். விலை பேசியவர் திரும்பி வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறாராம். கொடுப்பீர்களா என்று கேட்டேன்.

“ஆணி ஒண்ணு ஆடுது சேர். ஒரு துண்டு பித்தளைக் கம்பி கெடைச்சா கொண்டாங்க” என்றார்.

மாத்தளைக் கடையொன்றில் வாங்கி வைத்திருக்கிறேன்.