'லாம்' என்பதும் 'வேண்டும்' என்பதும்

ஐதராபாத்தின் மேற்கே, கச்சிபௌலியில் அமைந்துள்ள ஐதராபாத் பல்கலைக்கழகம் ஓர் ஆங்கிலத் துணைவினையின் பலத்தில் எழுந்ததாகும். அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் ஒரு பல்கலைக்கழகம் நிறுவப் பாராளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்று 1973ஆம் ஆண்டின் 32ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கூறிற்று. அந்த 'லாம்' ஆங்கிலத்தில் 'மே' என்னும் சொல். இயற்றியே தீரவேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. எனினும் 1974இல் சட்டமும் வந்தது, பல்கலைக்கழகமும் வந்தது. இதே சொல்தான் அதற்குப் பத்தாண்டுகட்கு முன்னர்த் தமிழகத்தைக் கொந்தளிக்கச் செய்தது.

பழைய ஆங்கிலத்தில் 'மே' என்பது வலிமை உடைமையைக் குறித்தது. வலிமை என்னும் பொருள்தரும் 'மைட்' என்ற பெயர்ச்சொல்லும் அதே வேரிற் பிறந்ததே. 'அறிதல்' என்ற பொருளில் வழங்கிய 'கேன்' நாளடைவில் 'இயலுதல்' என்னும் பொருளைத் தனதாக்கிக் கொள்ளவே, 'மே' என்பதற்கு அனுமதியும் ஐயமுமே பெரும்பாலும் எஞ்சின. 'ஷல்' என்பதன் பிறப்பு வேறு. அதன் பழம்பொருள் கடன்பட்டிருத்தல். அவ்வேரினின்று வந்த ஜெர்மானியச் சொல்லொன்று இன்றும் கடனையும் குற்றத்தையும் ஒருங்கே குறிக்கிறது. ஆகவே முன்னது செய்பவனுடைய வலிமையைச் சொல்வது. பின்னது அவன் பிறர்க்குப் பட்ட கடனைச் சொல்வது. 'செய்யல் ஆம்' என்பதே நம் மொழியில் 'செய்யலாம்' ஆயிற்று. விருப்பத்தைக் குறித்த 'வேண்டும்' கட்டாயத்தைக் குறிக்கலாயிற்று.

அரசியலமைப்பின் 343ஆவது ஷரத்து, பதினைந்தாண்டுக் காலம் ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுவதற்கு 'ஷல்' என்றே விதித்தது. அத்தவணை 1965 ஜனவரி 26இல் முடிவதாக இருந்தது. அதன்பின் நிகழவேண்டுவதை வகுத்த 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிகள் சட்டமோ, இந்தியோடு ஆங்கிலமும் தொடரலாம் என்று 'மே' போட்டது. அவ்விடத்தில் 'மே' என்பதற்கு 'ஷல்' என்றே பொருள் என்றார் பிரதமர் நேரு. அங்ஙனமாயின் 'ஷல்' என்றே எழுதிவிடலாமே என்பது மாநிலங்கள் அவையில் அறிஞர் அண்ணாவின் வாதம்.

நேருவின் கூற்று இலக்கணத்துக்குப் புறம்பானதன்று. அதிகாரம் தரும் சொல் சிற்சில இடங்களில் கடமையையும் உடன்கொண்டு வரும் என்று பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை 1880இலேயே ஒரு வழக்கில் ஏற்றுக்கொண்டது. நம் அலுவலகங்களிலும், 'அனுமதிக்கலாம்' என்று மேலதிகாரி கோப்பில் குறித்துவிட்டால் குமாஸ்தா அதனை ஆணையாகவே கொள்கிறார். ஆயினும் கடன் கொடுத்தவன் வாய்ச்சொல்லோடு அமையாது பத்திரமும் கேட்பது இயல்புதானே! நேரு 1964இல் மறைந்தார். தவணை நெருங்கிய 1965 ஜனவரியில் கிளர்ச்சி மூண்டது. உயிர்கள் பல மாண்டன. பிப்ரவரி 11ஆம் நாள் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் உறுதிமொழிகள் காக்கப்படும் என்றார்.

1967 டிசம்பரில் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களோடு மத்திய அரசு நடத்தும் கடிதப் போக்குவரத்துக்கு ஆங்கிலம் பயன்படல் வேண்டும் என்று 'ஷல்' இடம்பெற்றது. ஆனால் அப்பிரிவின் முதல் வாக்கியத்தை மொழிபெயர்க்கும்போது இன்றும் நாம் 'தொடரலாம்' என்றே எழுதுகிறோம். அங்கே 'மே' அப்படியே இருக்கிறது.