மதிப்பூதியம்

கௌரவ விரிவுரையாளராக இருந்த ஆண்டுகளில், என்ன வேலை என்று கேட்பவர்களிடம் அந்தப் பெயரை நான் முழுதாகச் சொன்னதில்லை. "காலேஜ்ல தமிழ் எடுக்கிறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். கௌரவம் என்று தொடங்கும் வேலைக்குச் சம்பளம் கிடையாது, மதிப்பூதியம்தான். சொற்களைப் பிரித்துப் பார்ப்பது தமிழ் படித்தவளின் தொழில்வியாதி. இந்தச் சொல்லைப் பிரித்தால் மதிப்பும் நிற்காது, ஊதியமும் நிற்காது. மே மாதத்தில் அதுவும் இல்லை.

தன்னிடம் வேலை செய்யும் பெண்ணை ஊழியர் என்று ஒப்புக்கொள்ளாமலே ஓர் அரசால் வேலை வாங்க முடியும். அந்த வேலையால் அவளுக்கு ஏதாவது நேர்ந்தால் யார் பொறுப்பு? இந்தக் கேள்வியின் வரலாற்றைத் தேடிப்போனால் ஜெய்ப்பூருக்கு அருகிலுள்ள பட்டேரி கிராமத்தில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

1984இல் ராஜஸ்தான் அரசு பெண்கள் மேம்பாட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதில் ஊருக்கு ஒரு பெண் 'சாத்தின்' என்ற பெயரில் நியமிக்கப்பட்டார். சாத்தின் என்றால் தோழி. குயவர் சாதியைச் சேர்ந்த பன்வாரி தேவி 1985இல் சாத்தின் ஆனார். மாதம் 200 ரூபாய் மதிப்பூதியம். குழந்தைத் திருமணத்தைத் தடுப்பதும் அவருடைய வேலைகளில் ஒன்று. 1992 கோடையில், அட்சய திருதியையை ஒட்டி நடக்கும் குழந்தைத் திருமணங்களைத் தடுக்கச் சொல்லி அரசே இயக்கம் நடத்தியது. பட்டேரியில் ஊரில் செல்வாக்குள்ள குஜ்ஜர் குடும்பம் ஒன்று, பிறந்து ஓராண்டுகூட ஆகாத பெண்குழந்தைக்குக் கல்யாணம் ஏற்பாடு செய்திருந்தது. காவல்துறை வந்து நிறுத்தியது. அவர்கள் திரும்பிப்போனதும் அடுத்த நாள் விடிவதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது. போலீஸ் ஜீப் கிளம்பிப் போய்விடும். தோழி அந்த ஊரிலேயேதான் இருந்தாக வேண்டும்.

ஊர் விலக்கம் தொடங்கியது. செப்டம்பர் 22 அன்று அந்தி நேரத்தில், கணவரோடு வயலில் வேலை செய்துகொண்டிருந்த பன்வாரியை ஐந்து பேர் தாக்கினார்கள். கணவரை அடித்துப் பிடித்துக்கொண்டு, அவர் கண்முன்னாலேயே கூட்டு வன்புணர்வு செய்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை மெதுவாகப் படிக்க வேண்டும். அதில் வருகிறவர்கள் எல்லாருமே அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஆண் மருத்துவர் பரிசோதிக்க மறுத்து ஜெய்ப்பூருக்கு அனுப்பினார். அங்கே மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் முடியாது என்றார்கள். மாஜிஸ்திரேட் அலுவலக நேரம் முடிந்துவிட்டது என்றார். மருத்துவப் பரிசோதனை நடந்தபோது 48 மணி நேரத்துக்கும் மேல் ஓடிவிட்டிருந்தது. சாட்சியப் பொருள் வேண்டுமென்று காவல் நிலையத்தில் அவருடைய பாவாடையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ரத்தக்கறை படிந்த கணவரின் தலைப்பாகைத் துணியைச் சுற்றிக்கொண்டு பன்வாரி அந்த இரவில் வெளியேறினார். எந்த அரசின் வேலையைச் செய்ததற்காகத் தாக்கப்பட்டாரோ, அதே அரசின் அலுவலகங்கள்தாம் இவை. என் ஊழியர், என் பொறுப்பு என்று சொல்ல ஒரு மேலதிகாரியும் முன்வரவில்லை. அவர் ஊழியரே இல்லையே!

1995 நவம்பரில் ஜெய்ப்பூர் நீதிமன்றம் ஐவரையும் வன்புணர்வுக் குற்றத்திலிருந்து விடுவித்தது. உயர்சாதி ஆண்கள் தாழ்ந்த சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்ற போக்கில் காரணம் சொன்ன தீர்ப்பு அது. மேல்முறையீடு உயர்நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தது. குற்றம்சாட்டப்பட்டவர்கள் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருந்தார்கள்.

விசாகா என்ற அமைப்பும் வேறு சில பெண்கள் அமைப்புகளும் உச்சநீதிமன்றத்தில் வேறொரு கேள்வியை வைத்தன. வேலை செய்யும் இடத்தில் பெண்ணின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு? அதுவரை நம் சட்டங்களுக்குத் தெரிந்த பாதுகாப்பு வேறு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் எந்திரத்துக்கு வேலி போடச் சொல்லியிருக்கும், எச்சில் துப்பக் கலம் வைக்கச் சொல்லியிருக்கும். பெண்ணைப் பொறுத்தவரை, இரவு ஏழு மணிக்கு மேல் காலை ஆறு மணி வரை வேலைக்கு வைக்காதே என்று இருக்கும். ஆபத்து அங்கேயே இருக்கட்டும், அவள் வீட்டுக்குப் போகட்டும். சென்னை உயர்நீதிமன்றம் அந்த இரவுத் தடையை 2000இல்தான் செல்லாது என்றது.

1997 ஆகஸ்ட் 13 அன்று விசாகா தீர்ப்பு வந்தது. தடுப்பது முதலாளியின், மேலதிகாரியின் கடமை. பெண் தலைமையில், பாதிக்குக் குறையாமல் பெண்கள் கொண்ட புகார்க்குழு வேண்டும். வெளியாள் ஒருவரும் அதில் இருக்க வேண்டும். இதெல்லாம் அன்றுமுதல் நாட்டின் சட்டம். மறு ஆண்டே மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் 3சி என்ற விதி சேர்ந்தது. தானே தொந்தரவு செய்யாமல் இருந்தால் மட்டும் போதாது, ஓர் அலுவலகத்துக்குப் பொறுப்பான அரசு ஊழியர் அங்கே அது நடக்காமல் தடுக்கவும் வேண்டும் என்கிறது அந்த விதி. "எனக்குத் தெரியாதும்மா" என்ற பதிலுக்கு அது இடம் வைக்கவில்லை.

விசாகா தீர்ப்பை வகுப்பில் பாடம் நடத்துவதற்காக முழுதாகப் படித்தபோது எனக்கு ஒன்று உறுத்தியது. அதில் பன்வாரியின் பெயர் இல்லை. ராஜஸ்தான் கிராமமொன்றின் சமூக சேவகி என்று ஒரு வரி வருகிறது. அந்தச் சம்பவம் தனி வழக்கு, இங்கே மேற்கொண்டு பேசத் தேவையில்லை என்று தீர்ப்பு நகர்ந்துவிடுகிறது. பெயரை மறைத்தது அவர் நலனுக்காகவே இருக்கலாம், அதில் எனக்குப் புகார் இல்லை. 'சேவகி' என்ற சொல்தான் உறுத்தல். சேவைக்குக் கூலி கேட்க முடியாது, பாதுகாப்பும் கேட்க முடியாது. அகப்பாடல்களில் தோழிக்குப் பெயர் கிடையாது, அது இலக்கண மரபு. அரசாங்கத்தின் தோழிக்குப் பெயரோடு பதவியும் போயிற்று.

2013ஆம் ஆண்டுச் சட்டம் இந்த ஓட்டையை அடைத்தது. நிரந்தரம், தற்காலிகம், தினக்கூலி, தன்னார்வம், ஊதியம் உண்டோ இல்லையோ, யாராக இருந்தாலும் ஊழியர் என்கிறது அதன் 2(எஃப்) பிரிவு. வேலை நிமித்தம் போகிற எந்த இடமும் பணியிடம் என்கிறது இன்னொரு பிரிவு. 1985இலேயே இவை இருந்திருந்தால் பட்டேரியும் ராஜஸ்தான் அரசின் ஓர் அலுவலக அறைதான்.

சட்டம் அடைத்த ஓட்டை மனதில் அடைபடுவதில்லை. 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவின் ஆர்.ஜி.கர் அரசு மருத்துவமனையில், இரவுப் பணியிலிருந்த பயிற்சி மருத்துவர் கருத்தரங்க அறையில் கொல்லப்பட்டார். உடனே மேற்கு வங்க அரசு அறிவித்த திட்டத்தின் பெயர் 'ராத்திரேர் சாத்தி', இரவின் துணை. சாத்தின் என்ற பழைய சொல்லே திரும்பி வந்ததுபோல் இருந்தது எனக்கு. முடிந்தவரை பெண் மருத்துவர்களுக்கு இரவுப் பணி வேண்டாம் என்றது அதில் ஒரு வரி. 1948இன் ஏழு மணி! உச்சநீதிமன்றம் கண்டித்த பிறகு அதை நீக்கிக்கொள்வதாக அரசு ஒப்புக்கொண்டது.

இப்போது எனக்கு நிரந்தரப் பணி. கல்லூரியின் உள் புகார்க்குழுவில் பொறுப்பும் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளம் பெண் எழுத்துபூர்வமாகப் புகார் தந்தார். என்ன புகார், யார்மீது என்பதைச் சொல்லச் சட்டம் அனுமதிக்காது, நானும் சொல்ல மாட்டேன். செய்தி மேலே போனதும் எனக்கு முதலில் வந்த கேள்வியை மட்டும் சொல்லலாம்.

"அவங்க நம்ம ஸ்டாஃபா மேடம்? கௌரவ விரிவுரையாளர்தானே?"

கேட்டவர் கெட்டவர் அல்லர். என் மாணவர்களின் கல்விக்கட்டணத்தைத் தன் கையிலிருந்து கட்டியவர். கௌரவ விரிவுரையாளரைத் தன் பொறுப்பில் இருப்பவராக அவருக்கு எண்ணத் தோன்றவில்லை, அவ்வளவுதான். பதினோரு மாதங்கள் தேர்வுப் பணியும் விடைத்தாள் திருத்தலும் வாங்கும்போது தோன்றாத கேள்வி அது. நான் வாதாடவில்லை. சட்டப் புத்தகத்தில் 2(எஃப்) பக்கத்தைப் பிரித்து மேசையில் வைத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். பிறகு எழுத்தரைக் கூப்பிட்டுப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

எழுத்தர் தேதியை எழுதினார், வரிசை எண் போட்டார். பதவி என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"என்ன மேடம் போடறது? கெஸ்ட்டுனா, டெம்பரரினா?"

"ஊழியர்னு எழுதுங்க."

நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். அவர் தலையசைத்ததும் எழுதினார்.