நீதிபதி விட்ட சவால்

போன வாரம் போட்டோமாக் நதியின் வெள்ளத்தில் நிறுத்தியிருந்தோம். நதியோரக் கால்வாய் உடைந்தது. படகு இழுத்த கோவேறு கழுதைகளுக்கு வேலை போனது. கம்பர்லாந்திலிருந்து ஜார்ஜ்டவுன் வரை 184 மைல் கரைப்பாதையில் புதர் மண்டியது.

20 லட்சம் டாலர் கொடுத்து அந்தக் கால்வாயை வாங்கிப் போட்டது அமெரிக்க அரசு. வாங்கியாயிற்று. வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கார்ச் சாலை போடு!

1954 ஜனவரியில் 'வாஷிங்டன் போஸ்ட்' தலையங்கமும் அதற்குத் தலையசைத்தது. எழுதியவர்களை வில்லன்களாக்கிவிடாதீர்கள். பாழடைந்த பாதையில் யார் நடக்கப்போகிறார்கள்? சாலை வந்தால் பிள்ளைகுட்டிகளோடு காரில் போய் நதியழகைப் பார்க்கலாமே என்று நினைத்தார்கள். நியாயமான நினைப்புதான்.

படித்த ஒருவருக்கு மட்டும் சுருக்கென்றது.

வில்லியம் டக்ளஸ். உச்ச நீதிமன்ற நீதிபதி. சிறுவயதில் நோயில் நலிந்த கால்களை யாக்கிமா மலைகளில் ஏறியேறித் தேற்றிக்கொண்டவர். தலைநகரின் இரைச்சலிலிருந்து தப்பிக்க அவர் நடக்கிற பாதை இது. அதன்மேல் தார் ஊற்றுவதா?

வழக்கென்று வந்தால் தீர்ப்பு எழுதலாம். இது வழக்கில்லை. ஆகவே, 'ஆசிரியருக்குக் கடிதம்' எழுதினார்! பதவியில் இருக்கும் நீதிபதி செய்கிற காரியமா என்று கேட்பீர்கள். டக்ளஸ் அதற்கெல்லாம் கூச்சப்படுகிற ஆள் இல்லை.

கடிதத்தில் திட்டவில்லை. அழைத்தார். முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு என்னோடு மொத்தப் பாதையும் நடந்து வாருங்கள்; திரும்பி வந்தபின் உங்கள் பேனாவே இந்தப் பாதைக்காக வாதாடும் என்றார்.

தலையங்கப் பக்கத்துக்குப் பொறுப்பானவர் ராபர்ட் எஸ்டாபுரூக். அந்தத் தலையங்கத்தை எழுதியவர் மெர்லோ பியூசி. கடிதம் கைக்கு வந்த அந்த நேரத்தில் அவர்கள் நிலையில் இருந்து பாருங்கள். மறுத்தால் ஊர் சிரிக்கும்: நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பாதையைப் பற்றி எழுதினார்களாம்! ஒத்துக்கொண்டால் கால் போய்விடும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. நடந்தபின் மனம் மாறிவிட்டால்? ஊரறிய எழுதியதை ஊரறிய மாற்றி எழுத வேண்டும்.

குப்பைக்கூடை பக்கத்திலேயே இருந்திருக்கும்.

போடவில்லை. கடிதத்தை அச்சிட்டார்கள். அழைப்பையும் ஏற்றுக்கொண்டார்கள்.

மார்ச் 20. கம்பர்லாந்து. தலையங்கம் எழுதியவரைத்தான் அழைத்தார் டக்ளஸ். வந்து நின்றதோ ஒரு கூட்டம்! இயற்கை ஆர்வலர்கள், நிருபர்கள், புகைப்படக்காரர்கள். பனி கொட்டியது. கால்கள் கொப்பளித்தன. ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஆசிரியர்களாலும் முழுத் தூரம் நடக்க முடியவில்லை. எட்டாம் நாள் வாஷிங்டனை எட்டியபோது, ஒரு மைல்கூட விடாமல் நடந்தவர்கள் டக்ளஸ் உட்பட ஒன்பதே பேர்.

அந்த மாதக் கடைசியில் வந்தது புதிய தலையங்கம்.

மனம் மாறியிருந்தது. ஆனால் பாதிதான்! பாதை நெடுகச் சாலை வேண்டாம், சில இடங்களில் மட்டும் போடலாம் என்றது.

இன்று கம்பர்லாந்தில் சைக்கிள் ஏறுகிறவர் ஜார்ஜ்டவுன் வரை அந்த மண்பாதையிலேயே மிதித்துப் போகிறார். அப்படியென்றால் மீதிப் பாதியை மாற்றியது யார்? நாடாளுமன்றமா? அது இழுத்தடித்தது. வருடங்கள் ஓடின.

1961 ஜனவரி 18. அதிபர் ஐசனோவர் வெள்ளை மாளிகையைக் காலி செய்ய இன்னும் இரண்டே நாள். மேசைக்கு ஒரு பிரகடனம் வந்தது. அதில் இந்தக் கால்வாயின் பெயர் இருந்தது.

கையெழுத்துப் போட்டால் நாடாளுமன்றம் கொதிக்கும். பேனாவை எடுத்தார்...

(தொடரும்)