மொரிஸ் மைனர்: முன் சஸ்பென்ஷன் அமைவு

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் இலண்டனில் அறிமுகமான மொரிஸ் மைனர், இலங்கையில் வீட்டுக் கராஜிலேயே பழுதுபார்த்துப் பேணப்படும் கார். அதன் முன்பக்கத்தில் சுருள்வில் இல்லை. நீண்ட முறுக்குத்தண்டுகளே பாரம் தாங்குகின்றன. சக்கரம் பக்கவாட்டில் சாயும் கேம்பர் கோணமும், அது திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாயும் காஸ்டர் கோணமும் வடிவமைப்பிலேயே நிலையானவை. நாமாகத் திருத்தக்கூடியவை உயரமும், சக்கரங்களின் முன்பக்கம் சற்று உள்நோக்கியிருக்கும் டோ-இன்னும்தான்.

எதற்கும் முன், சக்கரம் திரும்பும் செங்குத்துத் தண்டின் அடிமுனையிலுள்ள புரியிட்ட மூட்டான கீழ் ட்ரனியனைப் பார்க்க வேண்டும். மட்டக்களப்பு வாவியோரம் போன்ற உப்புக்காற்று வீசும் மணற்பாங்கான இடத்தில் அதற்குக் கிறீஸே உயிர். ஜாக் போட்டுச் சக்கரத்தைத் தூக்கிப் பாரம் நீக்கி அடித்தால்தான் கிறீஸ் புரிகளுக்குள் இறங்கும். புரி தேய்ந்து கழன்றால் ஓட்டத்திலேயே சக்கரம் மடங்கிவிடும். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

உயரத்தை முறுக்குத்தண்டின் பின்முனை நெம்புகோலில் சரிசெய்த பிறகே டோ-இன். சமதரையில் இரு டயர்களின் முன்பக்கமும் அச்சுயரத்தில் சோக்கால் குறியிட்டு இடைவெளியை அளக்க வேண்டும். சக்கரம் அரைச்சுற்றுச் சுழலும்படி காரை உருட்டி, பின்னால் வந்த அதே குறிகளை மீண்டும் அளக்க வேண்டும். முன்னளவு சுமார் 2.4 மி.மீ. குறைவாக இருந்தால் சரி. இல்லையேல் இருபக்க ஸ்டியரிங் தண்டுகளையும் சம அளவில் திருக வேண்டும்.