சிமிழுக்குள் வந்த மை: எகிப்திலிருந்து ராகலை வரை



மத்திய கிழக்கிலிருந்து யாராவது லீவில் வந்தால், சூட்கேஸ் திறக்கும் நேரத்தில் வீடே கூடிவிடும். சொக்லேட், சவர்க்காரம், சென்ட், கூடவே ஒரு சின்னக் குப்பியில் சுருமா. அந்தச் சுருமா பெட்டியில் ஏறிய கதை நாம் நினைப்பதைவிட மிகப் பழையது. பொறுமையாக வாசியுங்கள். கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குக் கடைசியில் ஒரு முக்கிய விசயம் இருக்கிறது.

எகிப்தில் பெனி ஹசன் என்ற இடத்தில் இரண்டாம் க்னூம்ஹோதெப் என்ற அதிகாரியின் கல்லறை உள்ளது. கிமு 1890 அளவில் வரைந்த அதன் சுவரோவியத்தில், ஆசியாவிலிருந்து பெண்கள், பிள்ளைகள், கழுதைகள் சகிதம் ஒரு கூட்டம் வருகிறது. அவர்கள் 37 பேர் என்றும், கண்ணுக்கு இடும் மை கொண்டுவந்தார்கள் என்றும் பக்கத்தில் எழுதியிருக்கிறது. சுமார் 3,900 வருடங்களுக்கு முந்திய பயணம் அது!

ஏன் மை இவ்வளவு தூரம் போனது? அது உலர்ந்த தூள். ஒழுகாது, வெயிலில் கெடாது, உள்ளங்கைக்குள் அடங்கும். எகிப்தியர் அதைக் கல் சிமிழிலும் நாணல் குழாயிலும் அடைத்து, பூசுவதற்கு ஒரு குச்சியும் வைத்தார்கள். இன்றைய சுருமாக் குப்பியும் அதே அமைப்புத்தான்.

அரபியில் இதன் பெயர் குஹ்ல். 'அல்கஹோல்' என்ற சொல்லே 'அல் குஹ்ல்' என்பதிலிருந்து வந்ததுதான். முதலில் நுண்ணிய தூளைக் குறித்த சொல், பிறகு சாரத்தையும், கடைசியில் மதுசாரத்தையும் குறித்தது. இஸ்மித் என்ற சுருமாவை இடும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் திர்மிதியில் இருக்கிறது. இஸ்மித் என்பது அஞ்சனக்கல் என்பது பொதுவான விளக்கம்.

நம் மலைநாட்டுக்கும் மை பெட்டியோடுதான் வந்தது. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் பாதை திறந்தது. மண்டபம் முகாமில் தங்கி, கடல் தாண்டி, ரயிலேறி மக்கள் தோட்டங்களுக்கு வந்தார்கள். நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக நம் ராகலை வரைக்கும் 2 அடி 6 அங்குல அகலத்தில் ஒரு சின்ன ரயில் பாதை அப்போது இருந்தது. அந்தத் தமிழ்க் குடும்பங்களின் கண்மை வேறு வகை. விளக்கெண்ணெயில் திரி எரித்து, தட்டில் படியும் புகைக்கரியை வழித்துச் சிமிழில் வைப்பது. 1964 ஒப்பந்தத்தின்படி 525,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானபோது, பல குடும்பங்கள் மறுபடி பெட்டி கட்டின. 1984இல் அந்தக் கப்பலும் நின்றது.

இப்போது பாதை கட்டுநாயக்க. 2006க்குப் பிறகு விமானத்துக்குள் கையில் கொண்டுபோகும் திரவங்களுக்கு 100 மில்லி லீற்றர் கட்டுப்பாடு வந்தது. சின்னக் குப்பித் தூளை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. லேபல் இல்லாத சுருமாவும் அப்படியே வீடு வந்து சேர்கிறது.

விசயம் இங்கேதான். சந்தையில் சுருமா என்ற பெயரில் விற்பதில் பல, அஞ்சனக்கல் அல்ல. கலீனா என்ற கல்லின் தூள். பார்வைக்கு அதேபோல் கறுத்து மினுங்கும். ஆனால் அது ஈயம். குழந்தை கண்ணைக் கசக்கி, அதே விரலை வாயில் வைக்கும். வயிற்றுக்குள் போகும் ஈயத்தைச் சிறு பிள்ளைகளின் உடம்பு பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு உறிஞ்சும். அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்கா இந்த வகைச் சுருமாவை உள்ளே விடுவதில்லை.

சுன்னத்தை விடச் சொல்லவில்லை. ஹதீஸ் சொன்னது இஸ்மித்தை, ஈயத்தூளை அல்ல. ஆகவே:

• லேபல் இல்லாத குப்பியை வாங்கவோ அன்பளிப்பாகக் கொடுக்கவோ வேண்டாம். வெளிநாட்டில் உள்ளவர்களுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்.

• கைக்குழந்தையின் கண்ணுக்குள் எந்த மையும் வேண்டாம். வீட்டு மையில் ஈயம் இல்லாவிட்டாலும் விரல் வழியாகக் கிருமி போகும்.

• நீண்ட நாள் பூசியிருந்தால் கிளினிக் போகும்போது டொக்டரிடம் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனையில் ஈயத்தைக் கண்டுபிடிக்கலாம்.

பழைய மைச்சிமிழோ சுருமாக் குப்பியோ உங்கள் வீட்டில் இருந்தால், யார் எப்போது கொண்டுவந்தது என்று படத்தோடு கமெண்டில் போடுங்கள். அதுவும் நம் ஊர் வரலாறுதான்.